குடல்வரம் டப்பாவும் உன் அப்பாவின் போட்டோவும்

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். வதோதராவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால் எனக்கு வயிறு நிறையும். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் தனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவார், அதனால்தான் அவர் தூங்குகிற மத்தியான நேரத்தில் எழுதுகிறேன். முதலில் பயப்படாமல் படி. மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேனே, அது காய்ச்சல் இல்லை. சர்க்கரை நானூற்று எண்பதுக்கு ஏறி மேம்பாலத்துக்குக் கீழே மயங்கி விழுந்து, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சமமாகக் கைக்குழந்தையோடு அல்லாடுகிற உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைத்தேன், அதற்கு நீ என்னைத் திட்டிக்கொள். இப்போது நன்றாக இருக்கிறார், மாத்திரையை என் கண் முன்னால்தான் விழுங்குகிறார், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லியும் பார்த்துவிடுகிறேன்.

ஏறாத சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்பாய். நம் தெருவுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தாரே குமரேசன், அந்த மனிதர் இப்போது கோட்டு போட்டுக்கொண்டு வயிற்று டாக்டர் ஆகிவிட்டார். எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்காதே, மெஷின் விற்ற அதே பையில்தான் இப்போது டப்பா இருக்கிறது. குடல்வரம் என்று பெயர், கேப்பை மாவில் ப்ரோபயாடிக் கலந்ததாம், ஒரு கரண்டியில் ஆயிரம் கோடி நல்ல கிருமிகளாம், யார் எண்ணினார்களோ தெரியாது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை கூட்டம் போடுகிறார். "நம்ப வயித்துல நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு ரெண்டு கட்சி கீதுங்க, நல்ல கட்சிய ஜெயிக்க வச்சிட்டா சக்கரை, பி.பி., மூட்டுவலி எல்லாம் ஜல்தியா ஓடிப்பூடும்" என்று மைக்கில் சொல்கிறார், மண்டபமே கை தட்டுகிறது. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து, கிழிந்த நோட்டை விரல் நுனியிலேயே கண்டுபிடித்த உன் அப்பாவும் கை தட்டினார். மாத்திரை போட்டால் நல்ல கிருமி செத்துப்போகும் என்று அந்தக் கோட்டுக்காரர் சொன்னாராம், இவரும் மூன்று வாரம் நான் கொடுத்த மாத்திரையை எல்லாம் வாயில் அதக்கிக்கொண்டு போய்ச் செம்பருத்தித் தொட்டியில் துப்பியிருக்கிறார். இன்னும் கேள். இவர் மேல்சட்டையை இஸ்திரி போட்டு, மீசைக்கு மை தடவி, விழுப்புரம் மண்டபத்தில் குமரேசன் கையால் மாலை போட்டுக்கொண்டு போட்டோ வேறு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரி வார்டில் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பார்க்க வந்த எதிர்வீட்டுக் கலைப்பிரியா ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினாள். பளபளவென்று உன் அப்பா சிரிக்கிறார், கீழே பெரிய எழுத்தில் "சர்க்கரையை வென்ற திண்டிவனம் சவரிமுத்து" என்று போட்டிருக்கிறது. வென்றவர் அப்போது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன், நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைக் கையில் எடுத்தேன். பால் குளிரூட்டும் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் பால் சோதித்தவளிடம் கிருமிக் கதை சொல்ல வந்தால் விடுவேனா. கொதிக்கும் பாலில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடவும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, கிருமியைக் கொல்லத்தான் நாங்கள் பாலைச் சுட வைப்போம், குமரேசன் கிருமியைக் கொதிக்க வைத்து உயிரோடு கொடுக்கிறாராம். வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தேன், மறுநாள் காலையில் தயிரும் ஆகவில்லை, நாறிப்போய்க் கிடந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத்தான் அன்றைக்குக் கிருமிப் படிப்புப் படித்த உனக்குப் போன் போட்டு, கொதித்தாலும் சாகாத கிருமி உண்டா என்று கேட்டேன். நீ என்னடாவென்றால், உண்டும்மா, சில கிருமி ஓடு கட்டிக்கொண்டு சூட்டைத் தாங்கும், சிலது தயிரே ஆக்காது, அதனால் அந்தச் சோதனை செல்லாது, கிருமியின் முழுப் பெயர் டப்பாவில் இருக்கிறதா என்று முதலில் பார் என்றாய். பெற்றவளையே மடக்கிவிட்டாய், போகட்டும். பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினேன். ஆயிரம் கோடிப் பேரில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. டப்பாவின் காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதும் இல்லை. இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஒரு வரி இருந்தது, அதை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா, மூடி மடிப்புக்கு உள்ளே பசை தடவிய இடத்தில், கிழித்தால்தான் தெரியும்.

மறுநாளே பஸ் ஏறி விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். தாண்டவராயன் என்று ஒரு அதிகாரி, தலை நிமிராமலே "புகாரு டப்பா மேலயாம்மா, வூட்டுக்காரரு மேலயா" என்று கேட்டார். நான் சொன்ன கதையில் பாதி அப்படித்தான் இருந்திருக்கும். நோட்டீசில் இருந்த போட்டோவையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அப்புறம் நிமிர்ந்தார். ப்ரோபயாடிக் என்று விற்றால் கிருமியின் இனம், வகை எல்லாம் எழுத வேண்டும், ஒரு நாளைக்குச் சாப்பிடுகிற அளவில் பத்துக் கோடிக்குக் குறையாமல் உயிருள்ள கிருமி இருக்க வேண்டும், நோயைக் குணமாக்கும் என்று சொல்லவே கூடாது, இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது என்று தாள் எடுத்துக் காட்டினார். சட்டம் அலமாரியில் இருக்கிறது, குமரேசன் மைக்கில் இருக்கிறார் என்றேன். அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும், அந்த வாரமே குமரேசனின் கடைக்குப் போய் டப்பாக்களை எடுத்து நாலு பங்காக்கி முத்திரை வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. ஆயிரம் கோடி எங்கே, சில ஆயிரம்தான் தேறியதாம். கிருமி இல்லாவிட்டால் போகிறது, மூன்றில் ஒரு பங்கு வெறும் சர்க்கரை. சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையை வேளைக்கு இரண்டு கரண்டி கலக்கிக் குடித்திருக்கிறார் உன் அப்பா, ருசியா கீது லூர்து, நீயும் குடி என்று எனக்கு வேறு நீட்டினார்.

கேஸ் போட்டாயிற்று. குமரேசன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அக்கா, ஊர்ல எல்லா டப்பாவுலயும் இப்பிடித்தான் எழுதிக்கினு கீறாங்க, நான் எழுதினா மட்டும் பேஜாரு பண்றீங்களே, கேசு அது பாட்டுக்கு நடக்கும், நான் என் பாட்டுக்கு நடப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆப்பிளைத் திருப்பிக் கையில் கொடுத்து, இதிலாவது கிருமி இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். இவ்வளவுக்கும் உன் அப்பா குமரேசனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சட்டம் பேசுகிற பெண்டாட்டி மீதுதான் அவருக்குக் கோபம், மண்டபத்தில் மாலை போட்ட ஆள்மீது இல்லை. தெருவில் நாலு பேர் இவரை வென்றவரே என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள், அதற்கும் நான்தான் காரணமாம்.

அப்புறம்தான் சின்னக்கண்ணு மாமா விஷயம் தெரிந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவின் பஸ்சில் டிரைவராக இருந்து ரிட்டயர்டு ஆகி விழுப்புரத்தில் இருக்கிறாரே, அவரேதான். இவர் பேச்சைக் கேட்டு அவரும் டப்பா வாங்கி, அவரும் மாத்திரையை நிறுத்தி, செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்துப்போய், இடது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நீ சொன்னியேன்னுதான் சவரி குட்ச்சேன், கண்டக்டர் விசிலு அடிச்சா எடுத்துக்கினு போறவன்தானே நானு, உம்மேல ஒன்னும் கோவமில்ல" என்றார். ஜெசிந்தா, உன் அப்பா அந்தக் கட்டுக் கட்டிய காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும்போது பஸ்சில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திண்டிவனம் வரும்வரைக்கும் திரும்பவில்லை. நானும் அன்றைக்கு ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை, அவ்வளவு கல் நெஞ்சுக்காரி இல்லை நான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தானாகவே சட்டை போட்டுக்கொண்டு, "மண்டபத்துக்குப் போறேன், வர்றியா" என்று கேட்டார். மறுபடியும் மாலை போட்டுக்கொள்ளப் போகிறாரோ என்று கூடவே போனேன். குமரேசனுக்கு எவ்வளவு தைரியம் பார், இவர் உள்ளே நுழைந்ததும் வென்றவர் வந்துவிட்டார் என்று மேடைக்கே கூப்பிட்டார். உன் அப்பா மைக்கை வாங்கவில்லை, அந்தக் குரலுக்கு மைக் எதற்கு. "நான்தான் நோட்டீசுல கீற சவரிமுத்து. நான் எதையும் ஜெயிக்கல. மாத்திரைய துப்பிட்டு அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். என் பேச்சைக் கேட்டவனுக்கு ஒரு வெரல் பூட்ச்சி. இதுல கிருமி இல்ல, சக்கரைதான் கீது, சர்க்காரே சோதிச்சிட்டாங்க. மாத்திரைய வுட்டவங்க இன்னைக்கே போய் டாக்டரப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். குமரேசன் பாட்டைச் சத்தமாகப் போடச் சொன்னார். கூட்டம் என்ன செய்தது என்று நினைக்கிறாய், முக்கால்வாசிப் பேர் அசையவே இல்லை, முன் வரிசையில் ஒருத்தர் இன்றைக்கு ஆஃபர் உண்டா இல்லையா என்று கேட்டார். ஆனால் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பின்னாலேயே ஒன்பது பேர் வந்தார்கள், அதில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்து வந்த முனியம்மாள் என்கிற அம்மா, பி.பி. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது, ராத்திரி தலை சுற்றுகிறது என்றாள். அவளை உன் அப்பாவே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், சீட்டு வாங்க வரிசையிலும் அவரே நின்றார். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனிதரை நான் அன்றைக்குப் போல மரியாதையோடு பார்த்ததில்லை, இதை அவரிடம் சொல்லிவிடாதே, தலை கால் தெரியாது.

குமரேசன் என்ன ஆனார் என்று கேட்காதே. கேஸ் நடக்கிறது, அவரும் நடக்கிறார், டப்பாவை விட்டுவிட்டு இப்போது ஏதோ காந்தப் படுக்கையாம், அதற்குக் கூட்டம் அதிகமாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்சி. படித்துவிட்டுச் சத்து டப்பாக் கம்பெனியில் ஸ்டிக்கர் படிக்கிற வேலையா என்று உன்னை நான் கேலி செய்தது உண்மை, அதை இந்தக் கடிதத்தோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மருந்தல்ல என்கிற வரி டிசைனைக் கெடுக்கிறது, வெளிர்மஞ்சளில் தங்க எழுத்தாக்கி ஓரமாகப் போடு என்று உன் மேனேஜர் நெருக்குவதாகப் போன வாரம் சொன்னாய், ஸ்டிக்கர் சரி என்று கையெழுத்துப் போட்டால் என்ன என்று என்னிடமே கேட்டாய். போடாதே. வேலை போனால் வா, இங்கே சோறு இருக்கிறது. அந்த வரி கறுப்பு எழுத்தில், முன் பக்கத்தில், கண்ணாடி போடாத சின்னக்கண்ணு மாமா தூரத்தில் பிடித்துப் படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

குழந்தைக்கு வெயிலில் தொப்பி போட மறக்காதே, மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல். தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
லூர்துமேரி சவரிமுத்து