டிரெவெனா வீட்டுச் சொந்தம்

4-1-1981
உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இன்று இரண்டு பிரசவம். கால் வலியோடு சாலவாக்கம் வந்து சேர்ந்தால், ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம்! அப்பாவோடு கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த ஜான் டிரெவெனா எழுதியிருக்கிறார். அவர்கள் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்துக்காரர்கள். தாத்தா காலத்தில் கப்பலேறிக் கோலாருக்கு வந்து, பேரன் காலத்தில் அங்கிருந்தும் கப்பலேறிப் போனவர்கள். இப்போதிருக்கும் சுரங்க ஊரில் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டுமாம். 'என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள்' என்று சொல்லி, என் பெயரைக் கொடுத்துவிட்டாராம். குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேன்.

7-1-1981
அம்மா பிடித்துக்கொண்டது வேலையை அல்ல, உறவை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "வெள்ளக்காரனுக்கும் நமக்கும் இன்னா ஒறவு? கோலார்ல தனியா இருந்தப்போ இன்னா பண்ணிக்கினு இருந்தே நீ?" அப்பா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. மூன்று நாளாக வீட்டில் வெறும் ரசம்.

12-1-1981
"பொய் சொல்லிக் கூப்புடறவன் ஊருக்கு எம்பொண்ண அனுப்புவனா?" என்கிறாள். மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். எனக்கு இருபத்தாறு வயது, மீறிப் போகலாம். ஆனால் அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கினு இருந்தா எப்டிப் போறது? அழுகையா வருது.

18-1-1981
பொங்கலும் போயிற்று. அம்மா இன்னும் இறங்கி வரவில்லை.

24-1-1981
இன்று நடந்ததை எப்படி எழுத! ஜானின் தங்கை மேரி வந்தார். கோலாரில் தன் அம்மாவின் கல்லறையைப் பார்க்க வந்தவர், வாலாஜாபாத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து, யாரோ கொடுத்த கரும்போடு வாசலில் நின்றார். நான் இங்கிலீஷைத் தேடிக்கொண்டிருக்க, அவர் அம்மாவிடம், "இன்னாம்மா, குந்துன்னு சொல்ல மாட்டியா?" என்றார். கோலாரில் தமிழ்த் தொழிலாளிகள் நடுவே பிறந்து வளர்ந்தவராம்!

அம்மா விடவில்லை. ஒறவுன்னு ஏன் பொய் சொன்னீங்க என்று நேராகவே கேட்டாள்.

"எங்க ஜனங்க வழக்கம்மா அது. எந்த ஊர்ல வேல காலின்னாலும், 'எங்க சொந்தத்துல ஒருத்தன் கீறான்'னுதான் சொல்லுவோம். எங்க தாத்தா கோலாருக்கு வந்ததே அப்டித்தான். ஒருவாட்டி சொரங்கத்துல மண்ணு சரிஞ்சப்போ ஒன் வூட்டுக்காரரு எங்கண்ணனத் தோள்ல தூக்கிக்கினு வந்தாரு. அவரு சொந்தமில்லாம வேற யாரு சொந்தம்?"

அப்பா இதை வீட்டில் சொன்னதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மா உள்ளே போய்க் கோழிக் குழம்பு வைத்தாள்.

25-1-1981
மேரி காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பாதியில் நிறுத்தி, "ஏண்டி, அந்த ஊர்ல தலைக்கு ஊத்திக்க வெந்நி கெடைக்குமா?" என்றாள்.