'இது' என்ற ஒரு சொல்

அக்கா,

இன்று காலை அலுமாரியைத் துடைக்கும்போது உங்கள் மரச்சீப்பு கையில் தட்டுப்பட்டது. தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறித்து, கண் போய், ஆதரவில்லாமல் கண்டியில் நம் முதியோர் இல்லத்துக்கு வந்தவர் நீங்கள். நான் இங்கே மேட்ரன்; வேலைக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. வேலை கேட்டு வருகிறவளிடம் இந்தச் சீப்பைக் கொடுத்து, உங்களுக்குத் தலைவாரச் சொல்வேன். அவள் வெளியே போனதும் தீர்ப்பு வரும். "சிக்கைப் பிச்சு எடுக்குறா, வேணாம்மா." இல்லையென்றால், "கை பஞ்சு. வாய்தான் ஓயாது, அது உங்க பாடு!"

ஒரேயொரு தடவை மீறினேன். கலகெதரப் பக்கம் காய்ச்சல் பரவி, பணிப்பெண்கள் இருவர் வீட்டாரைப் பார்க்க ஊருக்குப் போய்விட்ட நேரம். தோட்டத் துரை ஒருவரின் நற்சான்றுக் கடிதத்தோடு ஒருத்தி வந்தாள். பதமாகத்தான் வாரினாள். வாரிக்கொண்டே என்னைப் பார்த்து, "இதுக்குப் பேன் இருக்காம்மா?" என்றாள்.

அவள் போனதும் சொன்னீர்கள்: "என்னை 'இது'ங்கிறா. வேணாம்மா."

நான் சிரித்தேன். "அட, பெத்த பிள்ளையையே 'அது தூங்குது'ன்னுதானே சொல்றோம்! பாசமா இருக்கும்க்கா."

அன்றே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் உங்களைக் குளிப்பாட்ட நானே வந்தேன். இரண்டு புஜத்திலும் விரல் விரலாகக் கன்றிய தடம். சீ, நானும் ஒரு மேட்ரனா! அவளை அன்றே அனுப்பிவிட்டு, "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?" என்று அழுதேன்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றீர்கள்.

நீங்கள் காலமான பிறகு பயத்தில் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. இன்று மத்தியானம் கெலிஓயாவிலிருந்து ஒருத்தி வந்தாள். என் தலையையே கொடுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பைத்தியம்! மேட்ரனை யார் 'இது' என்பார்கள்? உங்கள் கட்டிலில் இப்போது வாதம் வந்து பேச்சிழந்த ஒரு அம்மா இருக்கிறார். இந்தச் சீப்பைக் கொடுத்து அவருக்கு வாரச் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"வலிக்குதாம்மா?" பதில் வராது. அவள் மறுபடி கேட்டாள். "வலிச்சா என் கையை அமுக்குங்க, என்ன?"

வேலை கொடுத்துவிட்டேன். சரியா பிழையா என்று சொல்லத்தான் ஆளில்லை. இல்லம் நிறைய ஆட்கள் இருந்தும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். சீப்பைத் திரும்ப அலுமாரியில் வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே கிடக்கிறது.

இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டேன்க்கா.