தர்பூசணியைக் கொட்டிவிடுங்கள்

ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கீழ்த்தட்டில் இருக்கும் தர்பூசணியைச் சாப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள் என்று நீங்கள் வாங்கி வந்து வெட்டி வைத்தது. இன்று வெள்ளி. புளித்த வாடை அடிக்கிறது. சதை கொழகொழத்து, விதையைச் சுற்றி நுரை கட்டியிருக்கிறது. "மேலாப்ல சீவிட்டா உள்ள நல்லாத்தான் இருக்கும்" என்பீர்கள். இருக்காது. உங்கள் வயிறு தாங்காது.

நானே கொட்டியிருப்பேன். மூன்று நாளாகக் கையில் எடுக்கிறேன், மறுபடி உள்ளே வைத்துவிடுகிறேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. எனக்கு இன்று சலவைக்கூடத்தில் பகல் ஷிஃப்ட். ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. ஞாயிறன்று அவள் வந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். தெருமுனை வரை வந்தவள், வாசலில் உங்கள் வண்டி நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். போன மாதம் "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று சொன்னீர்களே, அதுதான். மறுபடி சண்டை வருமோ என்று நானும் கூப்பிடவில்லை. சாயங்காலம் நீங்கள், "உம் பொண்ணுக்கு வரணும்னு தோணல பாரு" என்றபோதும் வாயைத் திறக்கவில்லை.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். இப்போதுதான் போன் செய்தாள். "அப்பா வீட்ல இருப்பாராம்மா?" என்றாள். இருப்பார் என்றேன். "சரி, நாலு மணிக்கு வரேன்" என்றாள்.

என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். கதவை மட்டும் நீங்களே போய்த் திறங்கள்.