உத்திரத்துக்குப் போட்ட மாத்திரை

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. டப்ளினில் நீ சுகமாயிருக்க நெல்லையப்பர் துணையிருக்கட்டும். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை. உன் அம்மா பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். போனில் உன்னிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அதனால் எழுதுகிறேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்க வேண்டுமென்று மாதவிலக்கு நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை வருஷந்தோறும் அவள் போடுவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் உத்திரம் முடிந்த கையோடு உன் பெரியப்பாவின் புது வீட்டுப் பால்காய்ப்பு வந்தது. உன் பெரியம்மா இன்னொரு அட்டை மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டி, நீ இல்லாம அடுப்படி ஓடாது சுந்தரி, இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடு என்றாள். அந்த வீட்டு அடுப்படிக்குத்தான் நாம் சொந்தம், சபையில் முன்வரிசைக்கு இல்லை. அதை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். மாத்திரையை நிறுத்தியதும் உதிரம் கொட்ட ஆரம்பித்து நிற்கவே இல்லை. பெரியம்மாவிடம் சொன்னதற்கு, பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும், பேரீச்சம்பழத்தத் தின்னுட்டுக் கிட என்றாளாம். துணி காயப்போட மாடிக்குப் போனவள் படியிலேயே சரிந்துவிட்டாள்.

டாக்டர் ரீபா பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் அஞ்சுதான் இருக்கு, இந்த ரத்தத்த வச்சிக்கிட்டா பொங்கல் வச்சீங்க என்று கேட்டார். எல்லாருக்கும் இப்படித்தானே டாக்டர் என்று அம்மா சிரித்தாள். எல்லாருக்கும் இப்படி இல்லம்மா என்று அவர் சொன்னபோது அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. கர்ப்பப்பையில் கட்டியாம், வெகுநாளாக வளர்ந்தது, நல்லவேளை புற்றில்லை. ஒரு டாக்டரிடமும் காட்டாமல் மாத்திரையால் தள்ளித் தள்ளியே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். இப்போது ரத்தம் ஏற்றுகிறார்கள், தேறியபிறகு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார். உனக்கும் அப்படியே உதிரம் போகிறது, தலை சுற்றுகிறது என்று நீ அவளிடம் சொன்னதையும், ஆவணியில் பெரியப்பா மகள் சித்ரலேகா கல்யாணத்துக்கு வர அதே மாத்திரையின் பெயரைக் கேட்டதையும் நேற்றுதான் என்னிடம் சொல்லி அழுதாள்.

வேண்டாம் மகளே. அங்கே டாக்டரைப் போய்ப் பார், வெட்கப்படாமல் எல்லாம் சொல், அம்மாவின் கட்டியையும் சொல். ரத்த அளவு, தைராய்டு, ஸ்கேன் பார்க்கச் சொல். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் நம் வீட்டுப் பழக்கம்போலக் காப்பியோடு விழுங்காதே, காப்பி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு. கீரை, கொண்டைக்கடலை, எள் எல்லாம் நல்லதுதான், ஆனால் சாப்பாடு மட்டும் இதைத் தீர்க்காது என்று ரீபா கண்டித்துச் சொன்னார். ஆவணியில் அந்த நாளாகவே இருந்தாலும் நீ வா. மண்டப வாசலில் எவராவது முகம் சுளித்தால் மூன்று பேரும் திரும்பிவிடுவோம், அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு இல்லாமல் நாம் செத்துவிட மாட்டோம். இன்று காலை கண் விழித்ததும் அம்மா கேட்டது, சேலையில கறை பட்டுட்டா? நர்சுப் பிள்ள வாரதுக்குள்ள அலசிப் போட்டுருதேன் என்பதுதான். அப்போது அவள் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நான் அலசிக் காயப்போட்டேன். கறை முழுதும் போகவில்லை.

தீர்க்காயுசாக இரு. டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு எழுது, நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது, அதுவரை அவளிடம் எதுவும் கேட்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
குமரகுருபரன்