ஐந்துக்கு ஐந்து

புதுச்சேரி,
1.1.2026

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் துஆ செய்கிறேன்.

காலையில் தொழுதுவிட்டு உங்கள் உறையைப் பிரித்தேன். மஸ்கட்டில் நீங்களும் என்னுடையதைப் பிரித்திருப்பீர்கள். கனகசெட்டிக்குளத்து மனைக்காகப் போனில் கத்தி, நான்கு மாதம் பேசாமல் கிடந்தோமே, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. புது வருஷத்துக்கு ஆளுக்கு ஐந்து தீர்மானம். கலந்து பேசாமல் எழுதி, ஒட்டிய உறையில் ஒருவருக்கொருவர் அனுப்பி, ஜனவரி ஒன்றில்தான் பிரிக்க வேண்டும். இரண்டு தாளிலும் இருப்பது மட்டும் நடக்கும், மற்றது பேச்சுக்கே வராது. உங்களுக்கு நான் இதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எட்டு வருஷத்தில் இரண்டுக்கு மேல் ஒத்துப்போனதில்லை. இந்தத் தடவை ஐந்தும் ஒத்துப்போகிறது. வரிசைகூட மாறவில்லை. மஹீராவுக்குப் பார்மசி படிப்பு, மேல்மாடி கட்டி வாடகைக்கு விடுவது, அஃப்னானுக்கு நீச்சல், பீச் ரோட்டில் தினமும் முக்கால் மணி நேரம் நடை. ஐந்தாவது, நீங்கள் ஊரோடு வந்துவிடுவது.

நான் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மஸ்கட்டில் இருந்துகொண்டு நம் பீச் ரோட்டில் எப்படி நடப்பீர்கள் மச்சான்? அதுவும் சரியாக முக்கால் மணி நேரம்? டாக்டரம்மா எனக்கு அதைச் சொன்னதே டிசம்பர் முதல் வாரம்தான். உங்களிடம் நான் மூச்சு விடவில்லை. யார் சொன்னது?

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுதுங்கள்.

உங்கள்
ஷரீபா


மஸ்கட்,
14.1.2026

அன்பு ஷரீபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். புது வருஷமும் அதுவுமாக என் மேல் போலீஸ் விசாரணையா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஒரே நினைப்பு வரக்கூடாதா? ஊரோடு வந்துவிட்டால் பீச் ரோட்டில் நடக்காமல், இந்த அரிசி குடோனுக்குள்ளேயா நடப்பேன்?

நானும் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று மூன்று வருஷம் தொடர்ந்து நான் எழுதினேன். உன் தாளில் ஒரு தடவைகூட அது இல்லை. மேல்மாடி மட்டும் வருஷம் தவறாமல் இருந்தது. இப்போது திடீரென்று நான் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? என் அறையில் இருக்கும் தேவதாஸ் நவம்பரில் லீவுக்கு உப்பளத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தான். நான் கொடுத்தனுப்பிய பெட்டியைத் தர நம் வீட்டுக்கு வந்தவன், என்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனான்? மறைக்காமல் எழுது.

அஃப்னானை வெறுங்காலோடு தெருவில் விளையாட விடாதே.

அன்வருதீன்


புதுச்சேரி,
28.1.2026

மச்சானுக்கு,

ஸலாம். மஹீராவின் பரீட்சை அட்டவணையைப் பார்க்கலாம் என்று அவள் போனை எடுத்தேன். அதில் என் தாளின் படம் இருக்கிறது. டிசம்பர் எட்டாம் தேதி எடுத்தது. உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அவளிடம்தான் கொடுத்திருந்தேன். கேட்டதும் அழுதுவிட்டாள். "அத்தாதாம்மா கேட்டாரு. ஒரே ஒரு தடவ பாத்துட்டு அழிச்சிடறேன்னாரு. கெஞ்சினாரும்மா, நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

பெற்ற பெண்ணை வேவு பார்க்க வைத்துவிட்டு, நம் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு என்று எழுதுகிறீர்கள். கூசவில்லையா?

தேவதாஸ் தம்பி கோள் ஒன்றும் சொல்லவில்லை. "முன்னெல்லாம் அண்ணன் எப்பப் பாத்தாலும் டிக்கெட் வெல விசாரிச்சிக்கிட்டே இருப்பாரு அண்ணி. இப்ப ஊருன்ற பேச்சே எடுக்கறதில்ல" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளுங்கள். அந்தப் பயத்தில்தான் ஐந்தாவதை எழுதினேன்.

மற்ற நான்கையும் பார்த்து எழுதியது போகட்டும். ஐந்தாவதும் பார்த்து எழுதியதுதானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஷரீபா


மஸ்கட்,
10.2.2026

ஷரீபா,

யாரும் இல்லை. அல்லாஹ் மேல் ஆணையாக யாரும் இல்லை.

நவம்பர் இருபதாம் தேதி, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம் கேட்டும் நீ கூப்பிடவில்லை. நான்காவது தடவையும் கேட்டு வெட்கப்படுவதற்கு இங்கேயே கிடக்கலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்ட பிறகு மனசு உறுத்தியது. இந்த வருஷமும் நீ எழுதியிருக்க மாட்டாய், அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் மஹீராவிடம் கேட்டேன். நீ எழுதியிருந்தாய். அன்று குடோனில் மூட்டைகளை இரண்டு முறை தப்பாக எண்ணி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

முதல் தடவையாக நீ கூப்பிடும்போது என் தாளில் அது இல்லாமல் போகக்கூடாது என்று முழுவதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். எழுதும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பொய்யில் இழுத்தது பெரிய தப்பு. அவளைத் திட்டாதே.

இப்போது பாதியில் விட்டு வந்தால் சர்வீஸ் பணத்தில் பாதிதான் கொடுப்பார்கள். மேல்மாடி நடக்காது. நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

அன்வர்


புதுச்சேரி,
25.2.2026

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. அஃப்னான் இரண்டு நோன்பு பிடித்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். மஹீராவைத் திட்டவில்லை. அவள்தான் என்னோடு சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் வந்த பிறகு யாரிடமும் கை நீட்டக்கூடாது, மாதாமாதம் வாடகை வந்தால் தலை நிமிர்ந்து இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் மேல்மாடி, மேல்மாடி என்று நின்றேன். உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு உங்களையே மூன்று வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறேன். அது என் தப்பு. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதுவும் என் தப்புதான்.

நேற்று மேஸ்திரி ராமலிங்கத்தைக் கூப்பிட்டு, மேல்மாடி வேண்டாம், புது வருஷத்தன்று இரண்டு தாளையும் நம்பிக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். "இன்னாம்மா, கம்பிக்கே சொல்லிட்டேனே" என்று முனகினார். ஆனாலும் கொடுத்துவிடுவார். ஆகவே இனிமேல் பணத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

நான் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, இது இவருடைய மனசா, என் மனசா என்று சந்தேகம் வருகிறது. உங்களுக்கே வரவேண்டும் என்று இருக்கிறதா? இல்லை, அந்த ஊர் பழகிவிட்டதா? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்.

நான் என்ன நினைக்கிறேன் என்று இந்தக் கடிதத்தில் தேடாதீர்கள். எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். எழுதினால் அதையும் பார்த்து எழுதிவிடுவீர்கள்.

உங்கள்
ஷரீபா