நான்காம் மாடிக்குக் கீழே நின்றுபோன பனி ஏரிப் பயணம்

அனுப்புநர்:
‘வாலு’ (வீட்டில் வைத்த பெயர்; பள்ளியில் வைத்த பெயர் விண்ணப்பத்தில் உள்ளது),
பதினோராம் வகுப்பு மாணவி.

பெறுநர்:
கடவுச்சீட்டு அலுவலர் அவர்கள்,
நான்காம் மாடி.

பொருள்: நேர்காணலுக்கு வந்தும் ‘வரவில்லை’ எனப் பதிவானதைத் திருத்தி, பனி உருகுமுன் வேறு நாள் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் அத்தையும் (அப்பாவின் தங்கை, ரொட்டி அடுமனையில் அடுப்படி வேலை) வெளிநாடு சென்று, உறைந்த ஏரி ஒன்றைக் கூடாரமும் கையுமாக நடந்தே கடக்கத் திட்டமிட்டுள்ளோம். காலமெல்லாம் அடுப்பின் முன் வெந்த அத்தைக்கு, ஒருமுறையாவது பல் தந்தியடிக்கும் குளிரில் நிற்க ஆசை. எனக்கு அந்தத் தந்தியைக் காதால் கேட்க ஆசை.

2. பயண நாளை நாங்கள் இஷ்டத்துக்குக் குறிக்கவில்லை. அடுமனையின் பழைய அடுப்பை இடித்துக் கட்டும் நாட்களில்தான் அத்தைக்கு விடுப்பு. எனக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. ஏரிப்பனி ஆள் தாங்குவதும் அதுவரைதான்; வழிகாட்டி அழைத்துச் செல்லும் கடைசிக் குழுவும் அதுவே. இந்த ஆண்டு சம்மதித்த அப்பா, “அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. பக்கத்துத் தெருவுக்குக்கூட அனுப்ப மாட்டேன்” என்று இப்போதே அறிவித்துவிட்டார். அடுப்பு, பனி, பள்ளி, அப்பா என எல்லாரும் ஒத்துழைத்தனர். ஒத்துழைக்காதது தங்கள் மின்தூக்கி மட்டுமே.

3. நேற்று காலை, அழைப்பு நேரத்துக்கு வெகு முன்பே வந்து அதில் ஏறினோம். அது மூன்றரையாம் மாடியில் நின்றுவிட்டது. தூக்கி என்று பெயர் வைத்துக்கொண்டு பாதியில் கைவிடுவது முறையா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன். கதவு கையகலம் திறந்தது. அதன் வழியே தங்கள் அலுவலகத்தின் செருப்புகளை மட்டும் தரிசித்தோம்.

4. அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. அடுப்புக்காரிக்கே வியர்வையா என்று கேலி செய்தேன். “சூடு பழகிருச்சுடி. பூட்டிக் கிடக்கத்தான் பழகல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் கேலி வற்றிவிட்டது. அவர் மனத்தைத் திருப்ப, பயணத் திட்டத்தை முதலிலிருந்து சொன்னேன்: விமானம், மலைப்பேருந்து, கரையோரக் குடிலில் ஓர் இரவு, விடிந்ததும் பனியில் முதல் அடி. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடந்தார். நாங்கள் ஏரியின் நடுவே சென்றபோது, மேலே எங்கள் நேர்காணல் எண் ஒலித்தது.

5. “இருக்கோம்! கீழ இருக்கோம்!” என்று இருவரும் கத்தினோம். கதவிடுக்கில் கையை நீட்டி ஆட்டினேன். ஒரு ஜோடி செருப்பு என் கையை மிதிக்காமல் விலகிச் சென்றது. அந்தப் பண்புக்கு நன்றி. பிறகு அடுத்த எண் ஒலித்தது. காவலாளி சாவியோடு வந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டபின், முகப்பு எழுத்தர் சொன்னார்: “சத்தம் கேட்டுச்சும்மா. ஆள் வரலையே. வந்து நின்னாத்தான் வந்ததா அர்த்தம்.” ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு அவர் தந்த புதிய நாளில், அந்த ஏரியில் படகு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

6. ஐயா, “விடுடி, நமக்கு அடுப்புதான்” என்று அத்தை சொன்னதோடு சரி. அதற்குப் பின் பயணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இன்று காலை அவரைச் சீண்டிப் பார்க்க, அவர் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். திட்டாமல் குடித்து முடித்தார். நிலைமையின் தீவிரத்தைத் தாங்களே உணரலாம்.

7. ஆகவே, ‘வரவில்லை’ என்பதை ‘வந்தனர், மின்தூக்கி விடவில்லை’ எனத் திருத்தி, இந்த வாரத்துக்குள் ஒரு நாள் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். படியேறியே வந்துவிடுகிறோம். நாங்கள் இன்னும் அந்த ஏரியின் நடுவில்தான் நிற்கிறோம், ஐயா. பனி உருகுமுன் எங்களைக் கரையேற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கட்டடத்தில் சிறிது காலம் குடியிருந்த,
வாலு

நாள்: சம்பவத்துக்கு மறுநாள்
இடம்: தரைத்தளம், படிக்கட்டின் முதல் படி

இணைப்பு: நான்காம் மாடிக்கான மின்தூக்கிப் பொத்தான் – ஒன்று (அழுத்தியபோது கையோடு வந்துவிட்டது).