புட்டி பார்க்கும் மேசை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை; பொய்தான் சொல்வாய்.

போன வாரம் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வகுப்பு. மானிடவியல்காரர்கள் ஓர் ஊர் மக்களோடு போய் உட்கார்ந்து, அவர்கள் வாழ்வதைப் பார்த்துப் புரிந்துகொள்வதுபோல, முதலாளிகளும் தங்கள் ஆட்களைப் பார்க்கக் கற்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மானிடவியல் படித்த உன்னை, ‘இதெல்லாம் ஒரு படிப்பா’ என்று எத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேன்!

நம் கம்பெனியில் ஊசிமருந்துப் புட்டிகளை வெளிச்சத்தில் பிடித்துத் தூசி இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் ஏழு பெண்கள். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடம் வாய் ஓயாமல் பேசுவார்கள். அவர் போய்ப் பதினோரு வருஷம். என்னிடம் ‘சரிங்க மேடம்’ தவிர ஒரு வார்த்தை கிடையாது. பயமா, வெறுப்பா, எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மாதம் வந்து அவர்களோடு உட்காரேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்பு அக்கா,

வருகிறேன். ஆனால் யார் எதைச் சொன்னார்கள் என்று நீ கேட்கக் கூடாது. நானும் பெயர் எழுத மாட்டேன். வேவு பார்க்க நான் வரவில்லை என்று அவர்களிடம் நீயே சொல். மதியச் சாப்பாடு அவர்களோடுதான், உன்னோடு இல்லை. கோபித்துக்கொள்ளாதே. முடிந்தால் ஒரு நாள் நீயும் அந்த மேசையில் உட்கார். நான் பார்த்துச் சொல்வதைவிட அது மேல்.

தம்பி

ஏப்ரல் 22

அன்பு அக்கா,

அறிக்கையாகக் கொடுத்தால் அலமாரியில் வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

முதல் வாரம் என்னிடமும் யாரும் பேசவில்லை. பிறகு ஒருநாள் நானும் ஒரு புட்டியை எடுத்துப் பார்த்து, தூசி என்று ஒதுக்கினேன். “அது காத்துக் குமிழி சார்!” என்று மேசையே சிரித்தது. அன்றிலிருந்து நான் ‘குமிழி சார்’.

அவர்களுக்கு உன்மேல் வெறுப்பு இல்லை. நீ உள்ளே வந்து புட்டித் தட்டுகளை எண்ணிவிட்டுப் போகிறாய். “மேடம் எங்க மூஞ்சிய ஒரு தடவகூட பாத்ததில்ல சார்” என்றாள் ஒருத்தி. குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

அந்த அறையை நடத்துவது நீ வைத்த மேற்பார்வையாளர் இல்லை. கடைசி நாற்காலிதான். அங்கிருந்து ஒரு தலையசைப்பு வந்தால் எல்லார் கையும் வேகமாகிறது. அந்த நாற்காலிக்காரருக்கு இப்போது கண் சரியில்லை. அவர் பார்த்து முடித்த தட்டைப் பக்கத்தில் இருப்பவர் சத்தமில்லாமல் எடுத்து மறுபடி பார்க்கிறார். அந்தப் பக்கத்து ஆளின் வேலையை மற்ற ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றரை வருஷமாக இப்படி. யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. ஒரு புட்டிகூடத் தப்பவில்லை. உன் கம்பெனியின் பலம் இதுதான் அக்கா. இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

தம்பி

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் எழுதவில்லை நீ. கடைசி நாற்காலி என்று எழுதினாய். பதினாறு வருஷமாக அதில் உட்கார்பவள் ஒருத்திதான். அவளை எல்லாரும் மூலையக்கா என்பார்கள். எனக்குக்கூட அது தெரியும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உனக்கு அதில் அன்பு தெரிந்தது. எனக்கு, கண் தெரியாதவள் பார்த்த மருந்து ஒரு குழந்தையின் கையில் ஏறுவது தெரிந்தது. அவளை மட்டும் கூப்பிட வேண்டாமே என்று ஏழு பேருக்கும் கண் பரிசோதனை வைத்தேன். மூலையக்காவுக்கு ஓரத்தில் இருப்பது தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது, இனிச் சரியாகாது என்றார் டாக்டர். அன்றே வேலையை விட்டு அனுப்பினேன். அழவில்லை. “சரிங்க மேடம்” என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரி மறுநாளே நின்றுவிட்டாள். இன்னொருத்தியும் போய்விட்டாள். மிச்சமுள்ளவர்கள் ஒருவர் தட்டை ஒருவர் தொடுவதில்லை. போன வாரம் தூசியோடு போன மருந்து ஒரு வண்டி திரும்பி வந்தது. நல்லவேளை, யாருக்கும் போடவில்லை. நீ வந்து அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல். உன்னிடம் சொல்வார்கள்.

அக்கா

ஜூன் 2

அக்கா,

என்னிடமும் சொல்ல மாட்டார்கள். நான் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூலையக்கா வீட்டுக்குப் போனேன். மகள் கதவைப் பாதி திறந்து, “அம்மா தூங்குறாங்க” என்றாள். உள்ளேயிருந்து “யாரும்மா அது?” என்று குரல்.

“அந்த சார்மா. கம்பெனில நோட்டோட உக்காந்திருந்தாருன்னு சொன்னியே.”

“தூங்குறேன்னு சொல்லிடும்மா” என்றது அதே குரல். மகள் கதவைச் சாத்திவிட்டாள்.

நீ செய்ததைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து அது. எனக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரிந்தும், பார்த்தது அழகாக இருக்கிறதே என்று எழுதினேன். முதலில் அவரிடம் பேசியிருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலைக்கு வழி பார்த்துவிட்டு உன்னிடம் வந்திருக்க வேண்டும். நீயும் நாலு தடவை படித்தாய், என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நோட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபத்தில் எழுதவில்லை.

தம்பி

ஜூலை 9

தம்பி,

கோபம் இல்லை என்று எழுதியிருந்தாய். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் இயந்திரம் வருகிறது. கேமராவே தூசியைக் கண்டுபிடிக்குமாம். மிச்சமுள்ள நாலு பேரும் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்குப் போகிறார்கள். அங்கே கண் அவ்வளவு வேண்டாம். மூலையக்காவையும் கூப்பிடலாம் என்று நேற்று நானே போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, “மாடி வீட்டு அக்காவா? வாங்க வாங்க, உக்காருங்க” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தேன். ஒரு போர்வையின் முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் பிடித்து மடித்தோம்.

“மூஞ்சி எதுவும் தெரியல அக்கா. மககிட்ட சொல்லல, பயந்துடுவா. கம்பெனில இருந்தப்ப நாள் போறதே தெரியாது. இப்ப சாயங்காலம் வரவே மாட்டேங்குது” என்றார். பிறகு மருமகன் குறட்டை விடுவதைச் செய்து காட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் போல. அவர் சிரிப்பு சட்டென்று நின்றது.

“யாரு?”

“நான்தான்” என்றேன்.

எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. “சொல்லுங்க மேடம்.”

வேலை விஷயத்தைச் சொன்னேன். “சரிங்க மேடம், மகளக் கேட்டுச் சொல்றேன்” என்றார். வரமாட்டார்.

பதினோரு வருஷத்தில் என் ஆள் ஒருவர் என்னிடம் பேசியது அந்தக் கால் மணி நேரம்தான். அதுவும் என்னிடம் இல்லை.

சொல்ல வேறு யாரும் இல்லாததால் உனக்கு எழுதினேன். பதில் வேண்டாம். இதை எங்கும் எழுதிவிடாதே.

அக்கா